மிதித்த ஸ்வரம் திரும்பி வரவேண்டும்: பழைய பெடல் ஸ்டீல் கிட்டாரைப் பழுது பார்க்க முழு வழிகாட்டி

பெடல் ஸ்டீல் என்பது கால்களின் மேல் கிடையாக நிற்கும் கிட்டார். கம்பிகளின் மேல் பார் என்ற உலோகத் தண்டை நகர்த்தி வாசிப்பார்கள். பெடல்களும் முழங்கால் லீவர்களும் வாசிக்கும்போதே கம்பிகளின் ஸ்வரத்தை மாற்றும். பழைய பெடல் ஸ்டீல் ஒன்று கைக்கு வந்தால் எல்லாரும் முதலில் செய்வது, சுருதி சேர்த்துவிட்டுப் பெடலை மிதித்துப் பார்ப்பது. ஸ்வரம் மேலே ஏறிவிட்டால் இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். காலை எடுத்த பிறகு அந்தக் கம்பி எங்கே வந்து நிற்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. இந்தக் கருவியின் கோளாறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் தெரியும். ஸ்வரத்தை ஏற்றக் காலின் பலம் போதும். துருப்பிடித்த லீவரைக்கூடக் கால் தள்ளிவிடும். திரும்பி வருவதற்குக் கம்பியின் இழுவிசையும் ஒரு சின்ன ஸ்பிரிங்கும் மட்டுமே துணை. நடுவில் பிசுக்கோ வளைவோ உராய்வோ இருந்தால் பாதி வழியில் நின்றுவிடும்.

அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் ஒரே கேள்விக்குப் பதில் தேடுகிறது: கம்பி ஏன் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரவில்லை?

பெடலை மிதித்தால் என்ன நடக்கிறது

பெடலிலிருந்து செங்குத்தாக ஒரு ராட் மேலே போய், உடலின் அடியில் குறுக்காகப் படுத்திருக்கும் கிராஸ் ஷாஃப்ட்டைச் சுழற்றுகிறது. ஷாஃப்ட்டின் மேல் பெல் கிராங்க் என்ற சின்னக் கைகள் பொருத்தப்பட்டிருக்கும். அவை நீளவாக்கில் ஓடும் புல் ராட்களை இழுக்கின்றன. ராட்களின் மறுமுனை, வாசிப்பவரின் வலப்பக்கம் இருக்கும் சேஞ்சரில் முடிகிறது. சேஞ்சரில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு ஃபிங்கர் உண்டு. அதன் வளைந்த தலைதான் பிரிட்ஜ். ஃபிங்கர் ஆக்ஸிலைச் சுற்றித் திரும்பும்போது கம்பி இறுகும் அல்லது தளரும்.

10 கம்பி ஈ9 சுருதியை எடுத்துக்கொள்வோம். ஏ பெடல் 5-ஆவது, 10-ஆவது கம்பிகளை பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றும். பி பெடல் 3-ஆவதையும் 6-ஆவதையும் ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-வுக்கு ஏற்றும். 4-உம் 8-உம் ஈ கம்பிகள். முழங்கால் லீவர்கள் அவற்றை ஒரு பக்கம் எஃபுக்கு ஏற்றவும் மறுபக்கம் ஈ ஃபிளாட்டுக்கு இறக்கவும் செய்கின்றன. இரு திசையிலும் இழுபடும் கம்பிகள் என்பதால் தொல்லை முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

கையில் இருப்பது எந்த வகை?

ஸ்குரூவைத் தொடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1950-களின் பிற்பகுதியில் வந்த ஃபெண்டர் 1000, 400 போன்றவற்றில் ராட்களுக்குப் பதில் எஃகு கேபிள்கள் இருக்கும். அவற்றில் கேபிளின் இழைகள் பிரிந்திருக்கின்றனவா, கேபிள் உருளும் கப்பிகள் சுழல்கின்றனவா என்பதே முதல் சோதனை. எம்மன்ஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற புஷ்-புல் கிட்டார்களில் ராட்கள் இழுக்கவும் தள்ளவும் செய்யும். திறந்த ஸ்வரத்தையும் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தனித்தனியாகச் சரிசெய்ய முடியாது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும். அதற்கென்றே ஒரு வரிசை உண்டு. மற்றக் கிட்டார்களில் பழகிய கையோடு அதன் ஸ்குரூக்களைத் திருகினால் மொத்தமும் குலைந்துவிடும். நாஷ்வில் நகரின் ஷோ-பட் நிறுவனம் காலத்துக்குக் காலம் இயந்திர அமைப்பையே மாற்றிக்கொண்டு வந்தது. ஆகவே பெயர்ப்பலகையை நம்பாமல் அடிப்பக்கத்தைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

மீதமுள்ளவற்றில் பெரும்பகுதி ஆல்-புல் வகை. இதில் ஏற்றமும் இறக்கமும் இழுப்பினாலேயே நடக்கும். கீழே உள்ள சரிசெய்யும் முறை இந்த வகைக்கு உரியது. சுத்தம் செய்வதும் தேய்மானம் பார்ப்பதும் எல்லா வகைக்கும் பொது.

முதல் நாள் எதையும் கழற்றாதீர்கள்

ஒரு தாளை எடுத்துக் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் கம்பி எண்கள், மேலே பெடல்களும் லீவர்களும். சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) அளவு காட்டும் ட்யூனர் வேண்டும். ஒவ்வொரு கம்பியையும் திறந்த நிலையில் சரியாகச் சேர்த்துவிட்டு, பெடலை மிதித்து விட்டபின் ட்யூனர் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். இரண்டு சென்ட் ஷார்ப் (கூடுதல்), நான்கு சென்ட் ஃபிளாட் (குறைவு), இப்படி. ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து பாருங்கள். இதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம். பழுது பார்ப்பதில் இதைவிடப் பயனுள்ள ஒரு மணி நேரம் வேறு கிடையாது என்பது என் அனுபவம்.

காரணம், பிழையின் திசை குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிடும். ஏற்றிவிட்ட கம்பி ஷார்ப்பாகவே நின்றுவிட்டால் சேஞ்சர் ஃபிங்கர் முழுதாகத் திரும்பவில்லை என்று பொருள். ஆக்ஸிலில் பிசுக்கு, உரசும் ராட், பிடித்துக்கொள்ளும் ஷாஃப்ட் என்று கோளாறு வலப்பக்கத்திலோ அடியிலோ இருக்கிறது. அதே கம்பி ஃபிளாட்டாக நின்றால் குற்றவாளி பெரும்பாலும் இடப்பக்கத்து ரோலர் நட், அதாவது கம்பிகளை அந்தப் பக்கம் தாங்கும் சின்ன உருளைகளின் வரிசை. கம்பியை ஏற்றும்போது நட்டுக்கு அப்பாலிருந்து கொஞ்சம் கம்பி வாசிக்கும் பகுதிக்குள் வழுக்கி வந்துவிடுகிறது. விட்டபிறகு ரோலர் உருளாவிட்டால் அது திரும்பிப் போவதில்லை. அதனால் சுருதி இறங்கி நிற்கிறது.

இறக்கும் லீவருக்கு இது தலைகீழ். இறக்கிவிட்டபின் கம்பி ஃபிளாட்டாக நின்றால் சேஞ்சரையோ அதன் ரிட்டர்ன் ஸ்பிரிங்கையோ சந்தேகியுங்கள். ஷார்ப்பாக நின்றால் நட்டைப் பாருங்கள். உறுதிசெய்ய ஒரு வழி: பிழையோடு நிற்கும் கம்பியை நட்டுக்கும் சுருதிக் குமிழுக்கும் நடுவில் விரலால் ஒருமுறை அழுத்தி விடுங்கள். ஃபிளாட்டாக நின்ற கம்பி மேலேறிச் சரியான இடத்துக்கு வந்துவிட்டால் நட்தான். அசையாவிட்டால் கண்ணை வலப்பக்கம் திருப்புங்கள்.

கம்பி பழையதாக இருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும். புதுக் கம்பி போட்டு, நன்றாக நீண்டு அடங்கியபின் செய்யுங்கள்.

அப்புறம் படங்கள். அடிப்பக்கத்தை மேலிருந்தும் சாய்த்தும் எடுங்கள். எந்த ராட் பெல் கிராங்கின் எந்தத் துளையில், சேஞ்சரின் எந்தத் துளையில் இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியவேண்டும். கட்டத்தாளிலும் அதைக் குறித்துவையுங்கள்.

கருவிகள்

இவை அமெரிக்கக் கருவிகள் என்பதால் ஆலன் கீகள் அங்குல அளவில் வேண்டும். மில்லிமீட்டர் கீ கிட்டத்தட்டப் பொருந்துவது போலத் தோன்றும். இறுகிய ஸ்குரூவின் தலையை உள்ளே வழித்துவிடும். புல் ராட்களின் சேஞ்சர் முனையில் ஏற்ற இறக்கங்களைச் சேர்க்கும் நைலான் நட்டுக்கு ஏற்ற சாக்கெட், ஊசிமுனை எண்ணெய்ப் புட்டி, தையல் மெஷின் எண்ணெய் அல்லது அதைப்போல மெல்லிய செயற்கை எண்ணெய், லைட்டரில் ஊற்றும் நாப்தா, 600 முதல் 2000 வரை எமரி தாள், உலோகப் பாலிஷ், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. இவ்வளவு போதும். துரு கழற்றும் ஸ்ப்ரேயைப் பட்டியலில் சேர்க்கவில்லை. துருவைக் கழற்ற அது நல்லதுதான். சேஞ்சருக்குள் அடித்தால் ஆரம்பத்தில் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். நாளடைவில் அது விட்டுச்செல்லும் படலத்தில் தூசி சேர்ந்து பிசினாகிவிடும்.

தலைகீழாக வைத்துக் கழுவுவது

பல கிட்டார்கள் பெட்டிக்குள் தலைகீழாகத்தான் படுக்கின்றன. கால்களைப் பொருத்த அதுதான் வசதி. அதே பெட்டியின் அடிப்பாகமே நல்ல வேலைமேசை. ஆனால் திரவம் ஊற்றும் வேலைக்கு அது ஆகாது. மெத்தை வைத்த இரண்டு கட்டைகளின் மேல் கிட்டாரை நிறுத்தி, சேஞ்சருக்குக் கீழே தட்டு வையுங்கள்.

கம்பிகளைத் தளர்த்தும்போது ஒன்றை முழுக்க அவிழ்த்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். கம்பி ஒன்றுக்கு ஏறக்குறைய 10 முதல் 13 கிலோ இழுவிசை. 10 கம்பிக்கும் சேர்த்து 100 கிலோவைத் தாண்டும். பல ஆண்டுகளாக அந்தச் சுமையைத் தாங்கிப் பழகிய உடல் அது.

பிக்கப்பை மூடி ஒட்டுங்கள். சேஞ்சரைச் சுற்றியுள்ள மரத்தின் மேல் தடித்த துணி விரியுங்கள். பழைய கிட்டார்களில் லாக்கர் பூச்சு இருக்கும். நாப்தா சிந்தினால் உடனே துடைத்துவிட்டால் போதும். அசிட்டோனும் ஸ்பிரிட்டும் தின்னரும் அந்தப் பூச்சைக் கரைத்துவிடும், பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். நாப்தா எளிதில் தீப்பற்றும். காற்றோட்டமான இடத்தில், அருகில் நெருப்போ தீப்பொறியோ இல்லாமல் வேலை செய்யுங்கள். நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

ஃபிங்கர்களின் இடுக்குகளில் நாப்தாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு ஃபிங்கரையும் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். முதலில் கருப்பாக, அப்புறம் தேன் நிறத்தில் வடியும். தெளிவாக வடியும்வரை விடாதீர்கள். ஒருமுறை என்னிடம் வந்த கிட்டாரில் யாரோ கெட்டியான எண்ணெயைத் தாராளமாக ஊற்றியிருந்தார்கள். மூன்று நாள் கழுவிய பிறகுதான் 8-ஆவது ஃபிங்கர் தன் எடையாலேயே விழத் தொடங்கியது. அதன்பின் அந்தக் கிட்டாரில் எதையுமே மாற்றத் தேவைப்படவில்லை. அதனால்தான் கழுவிக் காயவைத்து மறுபடி அளந்து பார்க்காமல் யாரும் உதிரிப்பாகம் தேடிப் போகக்கூடாது என்கிறேன்.

ஓர் இரவு காயட்டும். பிறகு ஆக்ஸிலைத் தொடும் இடத்தில் ஃபிங்கருக்கு ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

சேஞ்சரைப் பிரிக்க வேண்டி வந்தால்

கழுவியும் ஒரு ஃபிங்கர் பிடித்துக்கொண்டிருந்தால், அல்லது பக்கவாட்டில் ஆடினால் மட்டும் பிரியுங்கள். ஸ்பிரிங்குகளை ஒரு பழைய கிட்டார் கம்பியை வளையமாக்கி மாட்டிக் கழற்றலாம், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ஆக்ஸிலை உருவும்போது அதே பருமனுள்ள மரக்குச்சியைப் பின்னாலேயே செலுத்துங்கள். ஆக்ஸில் வெளியே வரும்போது ஃபிங்கர்களும் நடுவிலுள்ள மெல்லிய வாஷர்களும் குச்சியில் அதே வரிசையில் கோத்து நிற்கும். அவை சேர்ந்தே தேய்ந்தவை. இடம் மாற்றிப் போட்டால் ஒன்று உரசும், இன்னொன்று ஆடும்.

ஆக்ஸிலில் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதிய ஆக்ஸில் தேவை. லேத் பட்டறையில் அதே பருமனில் கடினப்படுத்திய எஃகில் செய்துவாங்கலாம். வெறும் நிறமாற்றம் என்றால் பாலிஷ் போதும்.

ஃபிங்கரின் தலையில் கம்பி பதிந்த தடம் இருக்கும். 3-ஆவது கம்பி, அந்த 0.011 அங்குல ஜி ஷார்ப், அடிக்கடி ஒரே இடத்தில் அறுந்தால் காரணம் பெரும்பாலும் அங்கே உள்ள பிசிறுதான். எமரி தாளை மெல்லிய பட்டையாக வெட்டி, கம்பி போகும் திசையில், வளைவைத் தழுவியபடி முன்னும் பின்னும் இழுங்கள். 600-இல் தொடங்கி 1000, 1500, 2000 என்று போய்ப் பாலிஷில் முடியுங்கள். தடத்தை அடியோடு போக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு வளைவைத் தட்டையாக்கிவிடாதீர்கள். தட்டையான தலையில் கம்பி ரீங்காரமிடும், நாதமே போய்விடும். தடம் அவ்வளவு ஆழமாக இருந்தால் ஃபிங்கரை மாற்றுவதே மேல்.

ஸ்பிரிங்குகளைப் பற்றி ஒரு சோதனை. எல்லாவற்றையும் மாட்டிக் கம்பி ஏற்றியபின், கிட்டாரின் வலக்கோடியிலிருந்து சேஞ்சரைப் பார்த்துக்கொண்டே ஏற்றும் பெடலை மிதியுங்கள். ஃபிங்கரில் இறக்கத்துக்கென்று உள்ள பகுதி தன் ஸ்டாப்பை விட்டு அசையவே கூடாது. அசைந்தால் ரிட்டர்ன் ஸ்பிரிங் வலுவிழந்துவிட்டது. பெடல் மெத்தையை மிதிப்பது போல இருக்கும், ஸ்வரம் மேலே போய் உறுதியாக நிற்காது. ஸ்பிரிங்கை இழுத்து நீட்டியோ வெட்டியோ சமாளிக்காதீர்கள். கொஞ்சம் வலுவானதைப் போடுங்கள், தேவைக்கு மேல் வேண்டாம். மிஞ்சினால் முழங்கால் லீவர் கல்லாகிவிடும்.

ரோலர் நட்

பல கிட்டார்களில் ரோலர்களின் பள்ளங்கள் அந்தந்தக் கம்பியின் பருமனுக்கு ஏற்ப வெட்டப்பட்டவை. கம்பிகளின் மேல்மட்டம் ஒரே தளத்தில் இருந்தால்தான் பார் எல்லாவற்றின் மேலும் சமமாக உட்காரும். ஆகவே இங்கும் வரிசை மாறக்கூடாது. ஒவ்வொன்றையும் நாப்தாவில் கழுவி, துளையைத் துடைத்து, ஆக்ஸிலில் எண்ணெய் தடவிய துணியால் ஒரு வருடல். மாட்டியபின் ஒவ்வொரு ரோலரையும் ஊதினால் அசையவேண்டும். பள்ளத்தின் அடி தட்டையாகத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

அடிப்பக்கம்: ஷாஃப்ட், கிராங்க், ராட்

ராட்களைக் கழற்றியபின் ஒவ்வொரு கிராஸ் ஷாஃப்ட்டையும் விரலால் தூக்கி விடுங்கள். கிராங்குகளின் எடையாலேயே அது விழவேண்டும். பிடித்தால் முதலில் புஷ்களை (ஷாஃப்ட் முனைகள் சுழலும் வளையங்களை) சுத்தம் செய்யுங்கள். பிறகு ஷாஃப்ட்டை வெளியே எடுத்துக் கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டுங்கள். வளைவு இருந்தால் அடியில் வெளிச்சம் தெரியும். இரண்டு முனைகளிலும் பக்கவாட்டு ஆட்டம் ஒரு முடி அளவு இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் மெல்லிய வாஷர். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் மரம் ஈரத்தில் ஊதும் நாளில் ஷாஃப்ட் நெருக்கப்படும்.

ஷோ-பட் உட்படப் பல பழைய கிட்டார்களில் சில பாகங்கள் வார்ப்புத் துத்தநாகக் கலவையால் ஆனவை. வயதாக ஆக நொறுங்கும் தன்மை அதற்கு உண்டு. செட் ஸ்குரூ (பாகத்தை ஷாஃப்ட்டோடு பிடிக்கும் ஸ்குரூ) இருக்கும் இடத்தைச் சுற்றி முடிபோன்ற விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அந்த ஸ்குரூக்களை மெதுவாகத் திருப்புங்கள். இறுக்கும்போது இன்னும் மெதுவாக. விரிசல் விட்டதை வெல்டிங் செய்வதும் பசை போட்டு ஒட்டுவதும் நிலைக்காது. அதையே மாதிரியாகக் கொடுத்து அலுமினியத்தில் கடைந்து வாங்குங்கள். மரை போன துளைகளுக்கும், முட்டைவடிவாகத் தேய்ந்த ஆணித் துளைகளுக்கும் பித்தளைப் புஷ் அடிக்கலாம். முழங்கால் லீவரின் ஆட்டம் பெரும்பாலும் இப்படித் தேய்ந்த ஒரே துளையிலிருந்து வரும்.

ராட்களையும் கண்ணாடியில் உருட்டிப் பாருங்கள். லேசான வளைவு கையால் நிமிரும். பக்கத்துக் கிராங்கை உரசும் ராட், இழுக்கும்போது சத்தம் போடாமல் திரும்பும்போது மட்டும் தடுக்கும். உரசிய இடத்தில் பளபளப்பான கீற்று அதைச் சொல்லிவிடும். நைலான் நட்டுகள் விலை குறைந்தவை, வெடிப்பவை. மொத்தமாகப் புதியதாக மாற்றிவிடுங்கள்.

துளைகளின் கணக்கு

கிராங்கில் ராட் ஷாஃப்ட்டைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, ஒரே மிதிக்கு அவ்வளவு அதிகம் நகரும், மிதியும் கனக்கும். சேஞ்சரில் இதற்கு நேர்மாறு: ஆக்ஸிலைவிட்டுத் தள்ளிய துளையில் மிதி இலகு, ஆனால் அதே ஸ்வரத்துக்கு நீண்ட தூரம் போகவேண்டும். ஏ பெடலில் 5-உம் 10-உம் ஒரே ஸ்வரத்துக்கு ஏறினாலும் ஒன்று வெறும் கம்பி, மற்றது சுற்றுக்கம்பி. இரண்டுக்கும் வேண்டிய இழுப்பு ஒன்றல்ல. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாகச் சேரும்படி துளைகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் கால் உணரும் சுகம் இருக்கிறது. முன்பிருந்த துளைகளிலேயே முதலில் மாட்டுங்கள். ஆனால் அவற்றை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு முன் வைத்திருந்தவர் மாற்றியிருக்கக்கூடும்.

மீண்டும் சேர்ப்பதும் சுருதியும்

கால்களை மாட்டி நிறுத்தி, பெடல் ராட்களின் நீளத்தைச் சரிசெய்து பெடல்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பெடல் ஷாஃப்ட்டிலுள்ள ஸ்டாப்பில் முட்டி நிற்கவேண்டும். தரையிலும் அல்ல, ஃபிங்கர் கடைசிவரை போய் முட்டியும் அல்ல.

இப்போது எல்லா நைலான் நட்டுகளையும் தளர்த்துங்கள். பெடலைத் தொடாத நிலையில் எந்த நட்டும் ஃபிங்கரை இழுத்துப் பிடிக்கக்கூடாது; மயிரிழை இடைவெளி தெரியவேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஃபிங்கர் தன் ஓய்வுநிலைக்கு வரவே முடியாது, மேலே செய்த சுத்தம் எல்லாம் வீண். திறந்த கம்பிகளைக் குமிழில் சேருங்கள். அடுத்து ஒவ்வொரு பெடலையும் ஸ்டாப்வரை மிதித்துப் பிடித்து ஏற்றங்களை நைலான் நட்டில் சேருங்கள். கடைசியில் இறக்கங்கள். பிறகு திறந்த சுருதிக்குத் திரும்பி வந்து எல்லாவற்றையும் இன்னொரு சுற்று பாருங்கள். ஸ்வரத்தை எட்டும் முன்பே பெடல் ஸ்டாப்பில் முட்டினால், நட்டை மேலும் இறுக்காமல் ஸ்டாப்பைத் தளர்த்திப் பெடலுக்குக் கூடுதல் தூரம் கொடுங்கள்.

பெடலை மிதித்திருக்கும்போது சம்பந்தமில்லாத கம்பிகள் சில சென்ட் இறங்குவதைக் காண்பீர்கள். இழுவிசை கூடும்போது உடல் நெளிவதால் வருவது அது. முழுதாகப் போக்கமுடியாது. எண்டு பிளேட் (உடலின் இரு கோடிகளிலும் உள்ள உலோகத் தகடு) ஸ்குரூக்களையும் கழுத்தைப் பிடிக்கும் ஸ்குரூக்களையும் இறுக்கிப் பார்த்தால் சில சமயம் குறையும். காலை எடுத்ததும் அவை சரியாகத் திரும்பினால் அதைக் கோளாறாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இரண்டு நாள் வாசித்துக் கம்பிகள் அடங்கியபின், முதல் நாள் போட்ட கட்டத்தாளுக்குப் பக்கத்தில் புதிய தாள் ஒன்றை வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். 4-ஆவது கம்பியை ஏற்றி விட்டும் இறக்கி விட்டும் ட்யூனரின் முள் ஒரே இடத்தில் நின்றால் மற்றவற்றைப் பார்க்கும்போது மனம் லேசாகிவிடும். எங்காவது இன்னும் இரண்டு மூன்று சென்ட் மிச்சமிருந்தால், அதன் திசையைப் பார்த்து ரோலர் நட்டா சேஞ்சரா என்று தீர்மானித்து அந்த ஒரு கம்பிக்கு மட்டும் திரும்பப் போங்கள். இரண்டு தாள்களையும் படங்களையும், மாற்றிய பழைய பாகங்களையும் ஒரு பையில் போட்டுக் கிட்டார் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அடுத்து இதைத் திறப்பவருக்கு அளவெடுக்க அவை வேண்டும்.